உறக்க முடக்கத்துக்கான ஓமியோபதி அணுகுமுறைகள்

உறக்க முடக்கம் என்பது உறக்கத்துள் நுழையும்போதோ உறக்கத்திலிருந்து விழிக்கும்போதோ, நினைவு தெளிவாக இருந்தும் கை கால்களை அசைக்கவோ வாய் திறந்து பேசவோ இயலாமற்போகும் நிலையாகும். இது சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை நீடித்துத் தானாகவே நீங்கும். தமிழ்நாட்டிலும் இலங்கைத் தமிழரிடையேயும் இதனை அமுக்குவான் பேய், அமுக்குப் பேய் என அழைப்பர். ஓமியோபதி மருத்துவத்தில் இந்நிலைக்கென ஒரே மருந்து குறிப்பிடப்படுவதில்லை. நோயாளியின் அச்சம், கனவு, படுக்கும் முறை, மனநிலை ஆகியவற்றைக் கேட்டறிந்து ஆளுக்கேற்ப மருந்து தெரிவு செய்யப்படுகிறது.

நிலையின் இயல்பு

மனிதர் கனவு காணும் உறக்கப் பகுதி விரைவிழியசைவு உறக்கம் எனப்படுகிறது. இது 1953-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகியோரால் விவரிக்கப்பட்டது. இப்பகுதியில் மூளைத்தண்டு, தண்டுவடத்தின் இயக்க நரம்புகளைத் தடுத்து உடல் தசைகளைத் தளர்த்திவிடுகிறது. கனவில் ஓடுபவர் படுக்கையிலிருந்து எழுந்து ஓடாதிருப்பது இதனாலேயே. விழித்தசைகளும் உதரவிதானமும் இத்தடைக்குப் பெரும்பாலும் விலக்கானவை. நினைவு திரும்பிய பின்னும் தசைத்தளர்வு விலகாமல் எஞ்சும்போது உறக்க முடக்கம் ஏற்படுகிறது.

கனவின் எச்சமும் அப்போது உடனிருப்பதால் அறைக்குள் யாரோ நிற்பது போலவும், மார்பின்மேல் ஒருவர் அமர்ந்து அழுத்துவது போலவும், உடல் மிதப்பது போலவும் தோன்றும். மூச்சு நின்றுவிட்டதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் உதரவிதானம் இயங்கிக்கொண்டே இருக்கிறது. விரும்பியபடி ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாததே அவ்வாறு தோன்றக் காரணம். நியூபவுண்ட்லாந்தில் இதனைக் கிழச் சூனியக்காரியின் செயல் என்றனர். யப்பானியர் இதற்குக் கனசிபாரி என்று பெயரிட்டனர். மருத்துவ இலக்கியத்தில் உறக்க முடக்கம் என்னும் பெயர் 1928-இல் நரம்பியல் மருத்துவர் வில்சனால் பயன்படுத்தப்பட்டது.

2011-இல் சார்ப்லெசு, பார்பர் ஆகியோர் 35 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையின்படி, பொதுமக்களுள் 7.6 விழுக்காட்டினரும் மாணவருள் 28.3 விழுக்காட்டினரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனை உணர்ந்துள்ளனர். உறக்கக் குறைவு, ஒழுங்கற்ற உறக்க நேரம், மல்லாந்து படுத்தல், மனவழுத்தம் ஆகியவை இதனைத் தூண்டுகின்றன. தேர்வுக் காலத்தில் கண்விழித்துப் படிக்கும் மாணவரிடம் இது மிகுதியாகக் காணப்படுவதில் வியப்பில்லை.

ஓமியோபதி நோக்கு

ஓமியோபதியைத் தோற்றுவித்தவர் செருமானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் (1755–1843). நலமான ஒருவரிடம் ஒரு பொருள் உண்டாக்கும் குறிகளை ஒத்த குறிகள் நோயாளியிடம் காணப்பட்டால், அப்பொருளே மிக நீர்த்த அளவில் அவருக்கு மருந்தாகும் என்பது அவரது கொள்கை. இதனை 1796-இல் ஒரு கட்டுரையிலும் 1810-இல் ஆர்கனான் என்னும் நூலிலும் விளக்கினார். உறக்கத்தில் நோயாளி மல்லாந்து படுக்கிறாரா, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறார், முனகுகிறாரா என்றெல்லாம் கேட்கும்படி அந்நூல் மருத்துவருக்கு அறிவுறுத்துகிறது. நூலின் கொள்கையை ஏற்காதவரும் இக்கேள்விகள் பயனுள்ளவை என்பதை ஒப்புவர்.

ஓமியோபதியின் அடிப்படை நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் உறக்க முடக்கம் என்னும் நோய்ப்பெயர் வழக்கில் இல்லை. எனவே மருத்துவர்கள் அமெரிக்கரான கெண்ட் 1897 முதல் வெளியிட்ட நோய்க்குறித் தொகுப்பு போன்றவற்றில் தீக்கனவு, அச்சத்துடன் விழித்தல், உறங்கத் தொடங்கும்போது மூச்சுத்திணறல் ஆகிய தலைப்புகளின்கீழ் மருந்து தேடுகின்றனர்.

அவ்வாறு தெரிவாகும் மருந்துகளுள் லாக்கசிஸ் புகழ்பெற்றது. ஹானிமனின் வழிவந்த கான்சுடன்டைன் எரிங் 1828-இல் சுரினாமில் புசுமாசுடர் என்னும் பாம்பின் நஞ்சிலிருந்து இதனை உருவாக்கினார். உறக்கத்தினுள்ளேயே துன்பம் மிகுவதும் மூச்சடைத்து விழிப்பதும் இதன் குறிகளாகக் கூறப்படுகின்றன. திடீரெனத் தோன்றும் மரண அச்சத்துக்கு அகோனைட்டும், பெரும் அதிர்ச்சிக்குப்பின் வரும் தொல்லைகளுக்கு ஓப்பியமும் குறிப்பிடப்படுகின்றன. இரவில் கண்விழித்து உழைத்து, காப்பியும் மதுவும் மிகுதியாகக் கொள்வோருக்கு எட்டி விதையிலிருந்து பெறும் நக்ஸ் வாமிகா தரப்படுகிறது. இக்கடைசிக் குறிப்பு ஊன்றி நோக்கத்தக்கது. அவ்வாறு வாழ்பவர் காப்பியைக் குறைத்து நேரத்துக்கு உறங்கினாலே முடக்கம் குறைய வாய்ப்புண்டு. மருத்துவரும் பெரும்பாலும் அதனையே உடன் அறிவுறுத்துவார்.

மருந்தின் செறிவு

சி வரிசை வீரியத்தில் ஒவ்வொரு படியிலும் மருந்து நூறு மடங்கு நீர்க்கப்படுகிறது. 12 சி என்பது 10-இன் 24-ஆம் அடுக்கு மடங்கு நீர்த்தலாகும். இது அவகாதரோ எண்ணைக் கடந்துவிடுவதால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சுவது அரிது. பரவலாக வழங்கப்படும் 30 சி வீரியத்தில் நீர்த்தல் 10-இன் 60-ஆம் அடுக்காகும். வேதியியலாளர் எழுப்பும் முதன்மையான மறுப்பு இதுவே. நீர்க்காத தாய்த் திரவங்களுக்கு இம்மறுப்பு பொருந்தாது. அகோனைட்டும் எட்டியும் கொடிய நஞ்சுகளாதலால் அவற்றின் தாய்த் திரவங்களையும் தாழ்ந்த வீரியங்களையும் தாமாக வாங்கி உண்பது தீங்கானது.

சான்றுகள்

உறக்க முடக்கத்தில் ஓமியோபதி மருந்தின் பயனை நிறுவிய பெரிய கட்டுப்பாட்டு ஆய்வு எதுவும் இல்லை. நெருங்கிய துறையான உறக்கமின்மை பற்றி 2010-இல் வெளியான முறைசார் மீளாய்வு, வெற்று மருந்துடன் ஒப்பிட்ட நான்கு சிறு ஆய்வுகளை ஆராய்ந்தது. அவற்றுள் எதிலும் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆத்திரேலியாவின் தேசிய நலவாழ்வு மற்றும் மருத்துவ ஆய்வு மன்றம் 2015-இல், எந்த நோய்க்கும் ஓமியோபதி பயனளிப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை என முடிவு செய்தது.

எனினும் மருந்துண்டு குணமடைந்ததாகக் கூறுவோர் பொய் கூறுவதாகக் கொள்ளவேண்டியதில்லை. உறக்க முடக்கம் சில வாரங்கள் அடுத்தடுத்து வந்து, பின்னர் மாதக்கணக்கில் வராதிருக்கும் இயல்புடையது. தொல்லை உச்சத்தில் இருக்கும்போதே ஒருவர் மருத்துவரை நாடுவதால், எம்மருந்தை உண்டாலும் அடுத்து வருவது பெரும்பாலும் தணிவே. மேலும் ஓமியோபதி மருத்துவர் நெடுநேரம் அமர்ந்து கேட்கிறார். பேய் அல்ல என்று எடுத்துக் கூறுகிறார். அச்சமே உறக்கத்தைக் கெடுத்து அடுத்த முடக்கத்துக்கு வழிகோலும் நிலையில், அவ்விளக்கம் சிறிய உதவியன்று.

நவீன மருத்துவத்திலும் தனித்து வரும் உறக்க முடக்கத்துக்குரிய மருந்துகள் பற்றிய ஆய்வுகள் குறைவே. பெரும்பாலோருக்கு விளக்கமும் உறக்க ஒழுங்கும் மட்டுமே பரிந்துரைக்கப்படுகின்றன. அடிக்கடி வந்து துன்புறுத்தும்போது விரைவிழியசைவு உறக்கத்தைக் குறைக்கும் சில மனச்சோர்வு நீக்கி மருந்துகள் மருத்துவரின் மேற்பார்வையில் தரப்படுகின்றன.

இந்தியாவில்

இந்தியாவில் ஓமியோபதி சட்ட ஏற்புப் பெற்ற மருத்துவமுறையாகும். 1973-ஆம் ஆண்டின் மையக் குழுச் சட்டத்துக்கு மாற்றாக 2020-இல் தேசிய ஓமியோபதி ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் அரசு ஓமியோபதி மருத்துவக் கல்லூரி உள்ளது.

பிற நோய்களின் அறிகுறியாதல்

பகலில் அடக்கமுடியாத உறக்கம் வருதல், சிரிக்கும்போதோ சினங்கொள்ளும்போதோ முழங்கால் தளர்ந்து விழுதல் ஆகியவை உறக்க முடக்கத்துடன் சேர்ந்து காணப்பட்டால் அது நார்கோலெப்சி என்னும் நரம்பியல் நோயாக இருக்கலாம். இந்நோய் பெரும்பாலும் பதின்ம வயதிலும் இளமையிலும் தொடங்குகிறது. சோம்பல் என்றோ பேய்ப்பிடி என்றோ கருதப்பட்டு, கண்டறியப் பல ஆண்டுகள் ஆவதுண்டு. வண்டி ஓட்டுபவருக்கும் இயந்திரங்களில் பணிபுரிபவருக்கும் இக்காலத்தாழ்வு உயிருக்கே கேடாக முடியலாம். இரவு முழுவதும் நிகழ்த்தும் உறக்கப் பதிவும் மறுநாள் பகலில் செய்யும் உறக்கச் சோதனையும் இதனைக் கண்டறிய உதவுகின்றன. ஓமியோபதி மருந்து உண்டுவருபவரும் இச்சோதனைகளைத் தள்ளிப்போடலாகாது. விழித்திருக்கும் வேளையில் ஒரு பக்கக் கையோ காலோ செயலிழப்பது உறக்க முடக்கமன்று. அது மூளைக் குருதியோட்டத் தடையாக இருக்கக்கூடுமாதலால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.