பூரண கும்பம்: ஒரு மங்கலச் சின்னத்தின் வரலாறு

பாரத பூமியில் தோன்றிய மங்கலச் சின்னங்களுள் தாமரை, ஸ்வஸ்திகம், இணைக்கயல், சங்கு முதலியவை ஒவ்வொன்றும் தத்தமக்குரிய நெடிய சரித்திரம் உடையனவேனும், சமய பேதமும் பிரதேச பேதமும் இன்றி, வேத காலம் முதல் இன்றுவரை இடையறாது வழங்கிவரும் பெருமை பூரண கும்பத்துக்கே சிறப்பாக உரியது. நீர் நிறைந்த குடமும் அதன் வாயினின்று எழும் தளிரும் மலருமாகிய இச்சின்னம் செழிப்பைக் குறிப்பது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அச்செழிப்பு எத்தகையது, அது எவ்வாறு உணரப்பட்டது என்பதை இலக்கியம், சிற்பம், சாசனம், சடங்கு ஆகிய நால்வகைச் சான்றுகளையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதன் மிகப் பழைய குறிப்புகளை அதர்வ வேதத்திற் காண்கிறோம். அவ்வேதத்தின் மூன்றாம் காண்டத்தில், புதிதாகக் கட்டிய இல்லத்துக்குரிய சூக்தம் ஒன்று, அமுதம் கலந்த நெய்த்தாரையோடு நிறைகுடத்தைக் கொண்டுவருமாறு இல்லத்துப் பெண்ணை வேண்டுகிறது. பத்தொன்பதாம் காண்டத்திலுள்ள கால சூக்தமோ, காலத்தின் மீது வைக்கப்பட்ட பூரண கும்பத்தைப் பேசுகிறது. ஆகவே, வாயிலிலே வைக்கப்பெறும் குடும்ப மங்கலம் என்ற பொருளும், பிரபஞ்சத்தையே நிறைத்து நிற்கும் வற்றாத நிறைவு என்ற தத்துவப் பொருளும் தொன்றுதொட்டே இச்சின்னத்தில் இணைந்திருந்தன எனலாம். அகத்தியரையும் வசிட்டரையும் குடத்திற் பிறந்தோராகக் கூறும் புராண மரபு, குடத்தைக் கருப்பையாகவும் நீரை உயிர்களின் மூலமாகவும் கண்ட அதே சிந்தனையின் வேறொரு கிளையாகும்.

வேதவாக்கில் ஒலித்த இவ்வுருவம் கல்லிலே வடிவம் பெற்றது பௌத்தர்களின் கைவண்ணத்தால். பார்ஹுத், சாஞ்சி ஆகிய இடங்களின் பழைய சிற்பங்களில், குடத்தினின்று எழும் தாமரை மீது திருமகள் நிற்க, இருபுறத்து யானைகளும் நீர் சொரியும் காட்சி அமைந்துள்ளது. கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள அமராவதி ஸ்தூபியிலோ, பூரண கும்பமே தனிப்பலகைகளில் முதன்மை பெற்று, மொட்டும் மலருமாகத் தாமரைக் கொத்து வாய் நிரம்பி வெளியே வழிய நிற்கிறது. அத்தகைய பலகை ஒன்றை அளித்தவன் நாகன் என்னும் உபாத்தியாயரின் மகனான விதிகன் என்ற தோல் தொழிலாளி என்றும், தாய், மனைவி, சகோதரர், மக்கள் ஆகியோருடன் கூடி அவன் அத்தர்மத்தைச் செய்தான் என்றும் அங்குள்ள பிராகிருத சாசனம் தெரிவிக்கிறது. உழைத்து வாழ்ந்த ஒரு குடும்பம் தன் பொருளைக் கொண்டு எல்லோருக்கும் பொதுவான நிறைவின் உருவத்தை நிறுவிய இச்செய்தி, அரசர்தம் கொடைகளைப் பேசும் எத்தனையோ சாசனங்களினும் நம் உள்ளத்தை உருக்குகிறது. பிற்காலத்தில் ஆந்திரப் பிரதேச அரசின் இலச்சினையில் இடம்பெற்றதும் இந்தப் பூரண கும்பமே.

சமணரும் இதனைப் போற்றினர். அஷ்டமங்கலங்களுள் ஒன்றாகவும், மகாவீரரின் தாயாகிய திரிசலை கண்ட கனவுகளுள் ஒன்றாகவும், பத்தொன்பதாம் தீர்த்தங்கரரான மல்லிநாதரின் இலாஞ்சனையாகவும் கலசம் அவர்களிடையே விளங்குகிறது. இலங்கையிலும், அனுராதபுரத்தில் வாயிலின் இருமருங்கும் நிறுத்திய காவற்கற்களிலே, முதலில் குடம் மட்டும் செதுக்கப்பட்டுப் பின்னர் அதனைக் கையில் ஏந்திய நாகராசன் வடிவம் தோன்றியது. கொழும்பிற் பிறந்த கலைஞானி ஆனந்த குமாரசுவாமி, யட்சர்களைப் பற்றித் தாம் எழுதிய நூலின் 1931இல் வெளிவந்த இரண்டாம் பகுதியில், நீரையே உயிர்ச்செழிப்பின் ஆதாரமாகக் கொண்ட பழம்பெரும் நம்பிக்கையோடு நிறைகுடத்தைத் தொடர்புபடுத்தி விளக்கியிருப்பது, சமயங்களைக் கடந்து நிற்கும் இவ்வொருமைக்குத் தக்க காரணம் காட்டுகிறது.

தமிழகத்திலும் இம்மரபு தொன்மையானது. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் வருணிக்கும் மணவிழாவில், தலையிலே குடம் சுமந்த மங்கல மகளிர் வருகின்றனர்; மக்களைப் பெற்ற மகளிர் நால்வர், பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். இங்கே நீரோடு நெல்லும் சேர்ந்து உழவர் வாழ்வின் சாயல் படிவதைக் காண்கிறோம். மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், பூரண கும்பத்தையும் முளைப்பாலிகைகளையும் பாவை விளக்குகளையும் வீதிதோறும் பரப்புமாறு நகரத்தாரைப் பணிக்கிறான். ஆண்டாள் கண்ட மணக்கனவிலும் மணாளனை எதிர்கொள்வன பொற்குடங்களே.

கோயிற்கலையில் இச்சின்னம் அலங்காரமாக மட்டும் நில்லாது கட்டட உறுப்பாகவே மாறிற்று. கார்லேக் குகைத் தூண்கள் குடத்தின் மேல் ஊன்றி எழுகின்றன. திராவிடத் தூணின் உறுப்புகளில் கலசமும் குடமும் நிலையான இடம் பெற்றன. சோழர் காலத்தில் குடத்தினின்று எழும் அரைத்தூணும் அதன்மேற் கூடு போன்ற சிறு பஞ்சரமுமாகக் கும்பபஞ்சரம் சுவர்களை அணிசெய்தது. முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில், தஞ்சைப் பெருவுடையார் விமானத்தின் உச்சியில் வைப்பதற்கென 3083 பலம் நிறையுள்ள செப்புக்குடம் ஒன்றையும், அதன்மேற் போர்த்த 2926½ கழஞ்சுப் பொன்னையும் அளித்தான் என்று அக்கோயிற் சாசனம் கூறுகிறது. அமராவதியில் ஸ்தூபியின் பலகையிலே நின்ற குடம் இவ்வாறு விமானத்தின் முடியாக உயர்ந்தது.

சடங்கிலோ குடம் தெய்வத்தின் சரீரமாகவே கருதப்படுகிறது. அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய நூல் நாடி நரம்புகளாகவும், உள்ளிருக்கும் நீர் குருதியாகவும், தேங்காய் சிரசாகவும் பாவிக்கப்பெறும். தாமரை இருந்த இடத்தை மாவிலையும் தேங்காயும் கொண்டன. எனினும், நீரினின்று உயிர் தளிர்க்கிறது என்னும் கருத்து மாறவில்லை. குடமுழுக்கின்போது யாகசாலையில் ஆவாகனம் செய்த குடங்களைச் சிவாசாரியார் தலைமேல் ஏந்தி வலம்வந்து, விமானத்தின் மீதேறி, அந்நீரைக் கலசத்தின்மேல் முழுவதும் சொரிந்துவிடுகிறார்; கீழே நிற்கும் அடியார் மீதும் அத்தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. பல நாள் மந்திரத்தால் பேணிய நீர், சேமித்து வைப்பதற்காக அன்று, சொரிவதற்காகவே நிறைக்கப்பட்டது என்பதை இங்கே கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

இல்லங்களிலும் இதுவே நியதி. யாழ்ப்பாணத்தார் வாழையிலையில் நெல் பரப்பி, மாவிலையும் தேங்காயும் சூடிய நிறைகுடத்தை இருமருங்கும் குத்துவிளக்கோடு வாயிலில் வைப்பது வருவோரை வரவேற்பதற்கே. பொங்கற் பானையும் மஞ்சட்கொத்து அணிந்து பொங்கி வழிந்தபின்னரே ஊர் மகிழ்கிறது. பூட்டிய களஞ்சியத்தையோ குவித்த பொன்னையோ நம் முன்னோர் செழிப்பின் சின்னமாகக் கொள்ளாது, வாய் திறந்த குடத்தைக் கொண்டனர். கல்லில் வழியும் தாமரை, விழாநகரின் வீதிக் கும்பம், மணமகளை நீராட்டிய நீர், விமானத்தில் சொரிந்த தீர்த்தம் ஆகிய யாவும் ஒருமுகமாக உணர்த்துவது இதுவே: நிறைவு என்பது பிறர்க்குப் பெருகும்போதுதான் நிறைவாகிறது; பூரண கும்பத்தின் நெடிய வரலாறு, கொடையையே செல்வத்தின் இலக்கணமாகக் கொண்ட ஒரு நாகரிகத்தின் வரலாறாகும்.