ஒத்தி: ஒரு சொல்லும் அதன் வழக்கும்

வீடு தேடுவோர் தமிழக நகரங்களில் வாடகை, ஒத்தி, லீஸ் என்னும் மூன்று சொற்களைக் கேட்கின்றனர். பின்னிரண்டும் பெரும்பாலும் ஒரே ஏற்பாட்டையே குறிக்கின்றன. குடிவருபவர், சான்றாக, 5 லட்சம் ரூபாயை உரிமையாளரிடம் ஒப்படைக்கிறார். 3 ஆண்டுகள் வாடகையின்றி வாழ்கிறார். வெளியேறும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறுகிறார். இதனையும் வாடகையின் ஒரு வகையென்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். சொல்லின் வரலாறோ வேறு கூறுகிறது.

'ஒற்றி' என்பதே, காற்று 'காத்து' ஆனாற்போல, பேச்சில் 'ஒத்தி' ஆயிற்று. அனுபவ உரிமையுடன் கூடிய அடைமானம் என்பதே அதன் பொருள். விற்கவும் ஒற்றிவைக்கவும் உரிய நிலம் என இடைக்காலக் கல்வெட்டுகள் பேசுகின்றன. மலபாரிலும் இப்பெயரே வழங்கிற்று. 'போக்கியம்' என்னும் வடசொல்லுக்குத் துய்க்கத்தக்கது என்பது பொருள். ஆக, கொடுத்த பணம் கடன். வீடு அதற்கு ஈடு. 'லீஸ்' என்னும் ஆங்கிலச் சொல் வந்து இவ்வுண்மையை மறைத்துவிட்டது என்பது நம் கருத்து.

ஃபிக்ஹு நூல்கள் வாடகையை 'இஜாரா' எனவும் அடைமானத்தை 'ரஹ்ன்' எனவும் பிரித்தே ஆராய்கின்றன. கடன் கொடுத்தவர் அக்கடனுக்காக ஈட்டுப் பொருளின் பயனைத் துய்ப்பது வட்டியாகாதா என்பதே சிக்கல். இது நம்மவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. கடன் பெருகியிருந்த புகாராவில், பணத்தைத் திருப்பித் தந்தால் சொத்தும் திரும்பும் என்னும் 'பைவுல் வஃபா' விற்பனை பரவிற்று. மக்களின் தேவை கருதி ஹனஃபி அறிஞர் சிலர் அதற்கு இடமளித்தனர். 19ஆம் நூற்றாண்டின் உஸ்மானியச் சட்டத் தொகுப்பான மஜல்லாவும் அதனை ஏற்றது. ஆயினும் 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாதமி, அது இலாபம் தரும் கடனே எனக் கூறி விலக்கிற்று.

இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இதில் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது. அதன் 58ஆம் பிரிவின்படி, அனுபவ அடைமானம் பெற்றவர் சொத்தின் வருவாயை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாம். அதே பிரிவு மற்றொரு வழியையும் திறந்து வைத்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை: அவ்வருவாயை முதலிலேயே கழித்துக்கொள்ளவும் இடமுண்டு. நியாயமான மாத வாடகை 5,000 ரூபாய் என இருவரும் ஒப்பினால், 36 மாதங்களில் 1,80,000 ரூபாய் கழியும்; குடியிருந்தவர் 3,20,000 ரூபாயுடன் வெளியேறுவார்.