வான்குண்டுவீச்சும் பொதுமக்கள் பாதுகாப்பும்

வானில் செல்லும் கலங்களிலிருந்து தரையிலுள்ள இலக்குகள்மீது வெடிபொருள்களை எறியும் போர்முறை வான்குண்டுவீச்சு எனப்படும். இதைக் கட்டுப்படுத்தும் சட்டம் விமானத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. 1899இல் ஹேக் நகரில் கூடிய அமைதி மாநாடு, பலூன்களிலிருந்து வெடிபொருள் எறிவதை ஐந்தாண்டுகளுக்குத் தடைசெய்தது. 1907இல் அத்தடை மூன்றாம் அமைதி மாநாடு முடியும்வரை புதுப்பிக்கப்பட்டது; அந்த மூன்றாம் மாநாடு கூடவே இல்லை. தற்காப்பற்ற ஊர்களை, அதாவது எதிர்ப்பின்றி எதிரிப்படை நுழையக்கூடிய ஊர்களை, எவ்வழியிலும் தாக்கலாகாது என்ற விதியும் அதே ஆண்டில் உருப்பெற்றது.

1911 நவம்பர் 1 அன்று, இத்தாலி–உதுமானியப் போரின்போது, லிபியாவில் இத்தாலிய விமானி ஜூலியோ கவோட்டி, ஏறக்குறைய இரண்டு கிலோ எடையுள்ள நான்கு கையெறிகுண்டுகளைத் தம்முடன் எடுத்துச் சென்று, ஒரு கையால் விமானத்தைச் செலுத்தியபடியே அவற்றை அயின் சாரா, தாஜுரா ஆகிய இடங்களில் எறிந்தார். மருத்துவமனை தாக்கப்பட்டதாக உதுமானியத் தரப்பு முறையிட்டது, இத்தாலி மறுத்தது. உண்மை எது என்பது உறுதிப்படவில்லை.

முதல் உலகப் போரில் ஜெர்மனியின் செப்பலின் வான்கப்பல்கள் லண்டனைத் தாக்கின. மக்களை அச்சுறுத்தும் நோக்கிலான குண்டுவீச்சைத் தடைசெய்து 1923இல் சட்டவல்லுநர் குழுவொன்று வகுத்த ஹேக் வான்போர் விதிகளை எந்த அரசும் உடன்படிக்கையாக ஏற்கவில்லை. அதே பத்தாண்டில் பிரித்தானிய விமானங்கள் ஈராக்கின் ஊர்கள்மீது குண்டு வீசின.

ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாளன்று ஸ்பெயினின் பாஸ்க் நகரான கெர்னிக்கா ஜெர்மானிய, இத்தாலிய விமானங்களால் எரிக்கப்பட்டது. இறந்தோர் 1,654 பேர் என்று பாஸ்க் அரசு அறிவித்தது. பிற்கால ஆய்வாளர் பலர் சில நூறு என்றே மதிப்பிடுகின்றனர். பாஸ்க் மக்களின் உரிமைகளைக் காப்பதாக ஆட்சியாளர்கள் எந்த ஓக் மரத்தடியில் உறுதியேற்று வந்தார்களோ, அந்த மரம் நெருப்புக்குத் தப்பியது. பொதுமக்களை வேண்டுமென்றே தாக்குவது சட்டவிரோதம் என 1938 செப்டம்பர் 30 அன்று உலக நாடுகள் சங்கம் தீர்மானித்தது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய நாளிலேயே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நகரங்களைத் தாக்க வேண்டாமென வேண்டினார். பிரித்தானியாவும் ஜெர்மனியும் இசைந்தன. ஆயினும் வார்சா, ராட்டர்டாம், லண்டன், ஹாம்பர்க் என ஒவ்வொன்றாக நகரங்கள் எரிந்தன. 1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் ஜப்பானியரால் தாக்கப்பட்டபோது, சென்னை அரசு தன் அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றியது. இக்காலப் பொதுமக்கள் மனநிலை குறித்துப் பிரித்தானியச் சான்றுகளே மிகுதி. 1941இல் அங்கு எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில், பதிலுக்கு ஜெர்மானியப் பொதுமக்கள்மீது குண்டு வீச வேண்டும் என்ற விருப்பம், குண்டுவீச்சை அறியாத வட்டாரங்களில் ஓங்கியிருக்க, அடிபட்ட லண்டனில் மக்கள் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்து நின்றனர். இதற்கு இடிபாடுகளைக் கண்ணால் கண்ட அனுபவமே காரணம் என்பாரும், பதிலடி மேலும் தாக்குதலை வரவழைக்கும் என்ற அச்சமே காரணம் என்பாரும் உளர். 1944 பிப்ரவரி 9 அன்று சிச்செஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல் பிரபுக்கள் சபையில் எழுந்து, முழு நகரங்களை அழிப்பது எந்த நீதியின்படி என்று தம் அரசையே கேட்டார். அவ்வாண்டிலேயே எழுத்தாளர் வீரா பிரிட்டன் இதே கருத்தில் வெளியிட்ட சிறுநூல் அமெரிக்காவில் கடும் கண்டனத்தைச் சந்தித்தது. 

நகர்க் குண்டுவீச்சுக்காக, போருக்குப் பின் ஜெர்மானியத் தலைவர்களை விசாரித்த நூரெம்பெர்க் தீர்ப்பாயத்தில் எவரும் தண்டிக்கப்படவில்லை. வென்றோரும் அதையே செய்ததே காரணம் எனப் பலர் கருதுவர். 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை பெரும்பாலும் எதிரியின் பிடியிலுள்ள பொதுமக்களையே காத்தது. 1977இன் முதல் கூடுதல் நெறிமுறைதான் படை இலக்கையும் பொதுமக்களையும் பிரித்தறியும் கடமையை விதித்து, ஒரு நகரத்தையே ஒரே படை இலக்காகக் கொள்ளும் பரப்புக் குண்டுவீச்சைத் தடுத்தது. அமெரிக்காவும் இந்தியாவும் அதில் இணையவில்லை.

மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் வெடிபொருள் ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் அரசியல் பிரகடனம் ஒன்றை 2022 நவம்பரில் டப்ளினில் 80க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. சட்டப்படி அது எவரையும் கட்டுப்படுத்தாது.