கனத்திலிருந்து தளத்துக்கு: மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் வடிவக் கல்வி வளர்ந்த வழி

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவர் கணிதப் பாடத்தில் முதலில் சந்திக்கும் வடிவங்கள் கனச்சதுரம், கனச்செவ்வகம், உருளை, கூம்பு போன்றவை. சதுரமும் வட்டமும் முக்கோணமும் அவற்றுக்குப் பிறகே வருகின்றன. 2011-ல் முதலாம் ஆண்டில் அறிமுகமான கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டத்தின் வரிசை இது. எளிய தளவடிவத்தை விட்டுவிட்டுக் கடினமான கனவடிவத்தில் தொடங்குவது தலைகீழ் முறை என்று பெற்றோர் பலருக்குத் தோன்றக்கூடும். குழந்தையின் அறிவு வளரும் வழிக்கு இந்த வரிசையே பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் தோட்டப்பள்ளிக் காலத்திலிருந்து தொடர்ந்த கணக்கு மரபும், அதன்மேல் வந்து அமர்ந்த தேர்வுமுறையும் அதன் பயனை வகுப்பறைக்குள் வரவிடவில்லை. அந்த வரலாற்றை சிலாங்கூரின் ரவாங் வட்டாரத்தை முன்வைத்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கிறது.

1890-களின் நடுவில் தொழிலதிபர்களான தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் தங்கள் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்விசையைப் புகுத்தினார்கள். மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கமாக அது குறிப்பிடப்படுகிறது. 1893-ல் கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடம் உருவாகத் துணைநின்றவர்களிலும் தம்புசாமிப் பிள்ளை ஒருவர். அதுபோன்ற ஆங்கிலப் பள்ளிகளில் கேம்பிரிட்ஜ் தேர்வை நோக்கிப் படித்த மாணவர்களுக்கு வடிவியல் தேற்றங்களாகவும் நிறுவல்களாகவும் போய்ச் சேர்ந்தது. ரவாங்கைச் சுற்றி எழுந்த ரப்பர்த் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு அது எந்த உருவிலும் வரவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது உண்மைதான். ஆனால் பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதில் அக்கறை குறைவு. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணி எனப்பட்ட எழுத்தரோதான் ஆசிரியர், தொழிலாளர் குடியிருப்பான லயத்தை ஒட்டிய கொட்டகைதான் வகுப்பு. எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற மூன்றோடு படிப்பு முடிந்தது. கணக்கு என்றால் வாய்பாடு, கூட்டல், கழித்தல். சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்த நிர்வாகத்துக்குச் செவ்வகத்தின் எதிர்ப்பக்கங்கள் சமம் என்பதைத் தொழிலாளியின் பிள்ளை அறிய வேண்டிய தேவை இருக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தமிழரிடம் வடிவக் கணக்கு முன்பே இருந்ததே, காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ நிலத்தையும் வட்டத்தையும் அளக்க வழி சொல்கிறதே என்று கேட்கலாம். இருந்தது, சந்தேகமில்லை. பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு கிடைக்கும் என்ற சரியான விதி அந்த மரபில் உண்டு. திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் எண்சுவடியும் மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டன. ஆயினும் அந்தக் கல்வி கேட்ட கேள்வி ‘எவ்வளவு’ என்பது. நிலம் எத்தனை குழி, நெல் எத்தனை கலம் என்று அறிவதே நோக்கம். ஒரு வடிவம் ஏன் அப்படி இருக்கிறது, எந்தப் பண்பு அதை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது என்ற விசாரணை வேறு வகையானது. கடல் கடந்து வந்த தமிழர் அளவை மரபின் மனக்கணக்குத் திறனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொட்டகை வகுப்பில் அதுவும் சுருங்கி வாய்பாடாக நின்றது.

1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் வேண்டும் என்றபோது நிலைமை மாறத் தொடங்கியது. 1957-ல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு இன்று எஞ்சியவை ஏறத்தாழ 530. எண்ணிக்கை குறைந்த இதே காலத்தில் பாடத்தின் உள்ளடக்கம் விரிந்தது. 1983-ல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டம் தொடக்கக் கல்வியைச் செயல்வழிக்குத் திருப்ப முயன்றது. 2003-ல் கணிதம் ஆங்கிலத்துக்கு மாறியபோது வந்த முதலாம் ஆண்டுப் பாடத்திலும் கனவடிவமே முன்னால் நின்றது. ஆக, இன்றைய வரிசை திடீரென முளைத்ததல்ல.

இந்த வரிசையின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1837-ல் பிளாங்கன்பர்க்கில் சிறுவர் பள்ளியைத் தொடங்கிய ஃபிரோபெல், குழந்தைகளுக்கான கருவிகளைக் கோளம், உருளை, கனச்சதுரம் என்ற கனப்பொருள்களில் ஆரம்பித்தார். பின்பு தட்டையான பலகைகள், அடுத்துக் குச்சிகள், கடைசியில் புள்ளிகள் என்று இறங்கிவந்தார். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் நேர்மாறாகத் தளத்தை முதல் நூல்களிலும் கனத்தைப் பதினொன்றாம் நூல் முதலும் வைத்தார். யூக்ளிடின் வரிசைதான் தருக்கத்துக்கு ஒத்தது, அதை ஏன் விட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: நிறுவலின் வரிசை வேறு, அறிதலின் வரிசை வேறு. பருமனே இல்லாத சதுரத்தை எந்தக் குழந்தையும் கையில் எடுத்ததில்லை. பெட்டியின் ஒரு முகமாகத்தான் அது முதலில் தென்படுகிறது. டச்சு ஆசிரியத் தம்பதியரான பியர் வான் ஹீலேயும் டீனா வான் ஹீலேயும் 1957-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வுகள் இதற்கு வலுவூட்டுகின்றன. மாணவர் முதலில் வடிவத்தை முழுத் தோற்றமாக அடையாளம் காண்கிறார், பிறகு அதன் பண்புகளைப் பிரித்தறிகிறார், அதன்பின்பே பண்புகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்துகிறார் என்று அவர்கள் காட்டினார்கள். வயது ஏறுவதால் மட்டும் இந்தப் படிகள் ஏறுவதில்லை, கற்பித்தலால்தான் ஏறுகின்றன என்பதை அவர்கள் வற்புறுத்தினார்கள்.

கனச்சதுரத்துக்கு 6 மேற்பரப்பு, 12 விளிம்பு, 8 முனை என்று இரண்டாம் ஆண்டு மாணவர் ஒப்பிப்பார். இதை அட்டவணையாக மனப்பாடம் செய்வது முதல் படியைக்கூடத் தாண்டுவதில்லை. ஆறு சதுரங்களுக்கு நான்கு பக்கம் வீதம் 24 பக்கங்கள், ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டு சதுரங்களின் பக்கங்கள் சேர்கின்றன, ஆகவே விளிம்பு 12; ஒவ்வொரு முனையிலும் மூன்று சதுரங்களின் மூலைகள் கூடுகின்றன, ஆகவே முனை 8. இப்படிக் காரணம் சொல்லும் குழந்தை தளத்தையும் கனத்தையும் ஒரே சிந்தனையில் பிணைத்துவிட்டது. கனத்தை முன்னால் வைக்கும் வரிசையின் பயன் இந்தப் பிணைப்புதான். ஆனால் 1988-ல் வந்த, ஆறாம் ஆண்டு மாணவருக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு தாளில் அச்சிட்ட படத்தைக் காட்டி விடை கேட்டது. தாளில் எல்லாமே தட்டை. பயிற்சி நூல்களும் அதைப் பின்பற்றின. சாய்த்து வைத்த சதுரத்தை ‘டைமண்ட்’ என்று பிள்ளைகள் சொல்வதும், சதுரம் செவ்வகமே அல்ல என்று உறுதியாக நம்புவதும் படத்தின் தோற்றத்தைப் பண்பாக எடுத்துக்கொண்டதன் விளைவுகள். 2003 முதல் சில ஆண்டுகள் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை வகுப்பில் ஆங்கிலத்தில் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பெயரை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளும் பழக்கத்தை அது இன்னும் இறுக்கியிருக்கும் என்றே கருதுகிறேன்.

வசதி குறைந்த பள்ளியில் பொருள் எங்கே, நேரம் எங்கே என்பது அடுத்த மறுப்பு. நேரக் குறைவு உண்மையானது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பொருள் குறைவு அப்படியல்ல. ரவாங் கடைத்தெருவில் வாங்கும் நாசி லெமாக் பொட்டலமே, பிரித்து விரித்தால், தட்டையான இலை எப்படிக் கூம்பகத்தை ஒத்த கனமாகிறது என்று காட்டும். பற்பசைப் பெட்டியைக் கத்தரித்து விரிப்பைப் பார்க்கலாம். கனச்சதுரத்துக்கு வெவ்வேறான 11 விரிப்புகள் உண்டு, அவற்றைத் தேடுவதே ஒரு வாரத்துக்கான வேலை. உருளையைத் தொட்டுப் பார்க்கும்போது வளைந்த பரப்பையும் மேற்பரப்பாக எண்ணலாமா என்ற கேள்வி தானாக எழும், அட்டவணையில் எழாது. 2021-ல் யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டு, ஆறு அடைவுநிலைகள் கொண்ட வகுப்பறை மதிப்பீடு நிலைத்துவிட்டதால், பொருளைக் கையில் கொடுத்துக் காரணம் கேட்பதற்கு இனி அந்தத் தேர்வு தடையில்லை. மைலோ டின்னைச் சுற்றித் தாளை ஒட்டி, பிரித்து, அது செவ்வகம் என்று இரண்டாம் ஆண்டிலேயே கண்ட மாணவருக்கு, படிவம் இரண்டில் உருளையின் மேற்பரப்பளவுச் சூத்திரம் வரும்போது, செவ்வகத்தின் நீளமாக வட்டத்தின் சுற்றளவு ஏன் வருகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.