முள் சொன்ன பொய்

சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் என்னுடைய பழைய கார் நின்றுவிட்டது. நின்றதில் ஆச்சரியம் இல்லை. 1960-களின் பிற்பகுதியில் பிறந்த வண்டி; சர்க்கார் உத்தியோகஸ்தராயிருந்தால் இதற்குள் பென்ஷனுக்குப் போகவேண்டிய வயசு. ஆனால் அது பெட்ரோல் தீர்ந்து நின்றது. பெட்ரோல் மீட்டரின் முள்ளோ கால் டாங்கிக்கு மேலேயே காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த டெம்பரேச்சர் மீட்டர், என்ஜின் இதோ கொதிக்கப் போகிறது என்று பயமுறுத்தியது. அந்தப் பயத்தில் நான் வழியில் மூன்று தரம் வண்டியை நிறுத்தி, மழையில் நனைந்துகொண்டு பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஆவியும் இல்லை, கசிவும் இல்லை. இல்லாத கொதிப்புக்காக இவ்வளவு பாடுபட்டவன், இல்லாத பெட்ரோலைப் பற்றி ஒரு நிமிஷமாவது சந்தேகப்பட்டேனா? "முள்தான் காட்டுகிறதே!" என்று மனைவியிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பதில் சொல்லவில்லை. குடையை மட்டும் எடுத்து நீட்டினாள்.

மறுநாள் விழுப்புரத்தில் ஒரு வயதான எலெக்ட்ரீஷியன் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக் கையால் துழாவினார். பிறகு தலையை வெளியே எடுத்து, "ஸார், மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. உங்கள் வண்டிக் கூரை ஒழுகுகிறது" என்றார்.

வயிற்றுவலிக்குப் போனவனிடம் செருப்பை மாற்றச் சொன்னதுபோல் இருந்தது எனக்கு. அவர் சொன்னதன் அர்த்தம் முழுவதும் விளங்குவதற்கு, ஊர் திரும்பிய பிறகு நான் பல புஸ்தகங்களைப் புரட்ட வேண்டியிருந்தது.

1886-ல் கார்ல் பென்ஸ் ஜெர்மனியில் உரிமை பதிவு செய்த மோட்டார் வண்டிக்குக் கூரையும் கிடையாது, மீட்டரும் கிடையாது. ஆகவே இரண்டாலும் தொல்லை இல்லை. வெகு காலம் வரையில் மோட்டாரில் போகிறவர்கள் காற்றையும் மழையையும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அமெரிக்காவில் 1919-ல் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் கூரை போட்டு மூடிய கார். ஹட்ஸன் கம்பெனியார் 'எஸ்ஸெக்ஸ்' என்ற மூடிய காரை மலிவாகக் கொடுக்க ஆரம்பித்த பிறகு நிலைமை மளமளவென்று மாறிற்று. 1927-ல் நூற்றுக்கு 85 கார்கள் மூடியவை ஆகிவிட்டன.

மூடியவை என்றேனே, அந்தக் கூரை எதனால் செய்தது என்று நினைக்கிறீர்கள்? சுற்றிலும் தகரம், நடுவில் துணி! மரச் சட்டங்களின் மேல் கம்பிவலை, அதன் மேல் பஞ்சு, அதற்கும் மேலே ரப்பரோ வேறு பூச்சோ பூசிய துணி. அவ்வளவு அகலமான எஃகுத் தகடு அப்போது ஆலைகளிலிருந்து வரவில்லை. பெரிய தகட்டைப் பரப்பினால் ஓடும்போது தம்பட்டம் மாதிரி அதிரும் என்ற பயமும் இருந்தது. துணியின் ஓரத்தை ஆணி அடித்து மரத்தோடு பொருத்தினார்கள். ஒவ்வோர் ஆணியும் மழைக்கு ஒரு வாசல். நம் ஊர்க் கூரைக்குக் கீற்று மாற்றுவதுபோல் அவர்களும் அவ்வப்போது துணிக்குப் பூச்சுப் போடவேண்டியிருந்தது. அசட்டையாக விட்டால், உள்ளே மரம் உளுத்துப்போகும்.

1935-ஆம் வருஷத்து மாடல்களில்தான் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் ஒரே தகட்டை அழுத்தி உருவாக்கிய முழு எஃகுக் கூரையைப் போட்டு, 'டரெட் டாப்' என்று பெயர் கொடுத்துப் பெரிதாக விளம்பரம் செய்தார்கள். 1937-ல் போர்டும் அந்த வழிக்கு வந்தது. அதோடு ஒழுக்கு ஒழிந்ததா? ஒழியவில்லை. கூரை ஒரே தகடானாலும் பக்கங்களோடு அது சேருகிற இடம் ஒன்று உண்டு அல்லவா? கதவுகளுக்கு மேலே சிறு வாய்க்கால் மாதிரி ஓடுகிறதே, அதற்கு அடியில்தான் அந்த மூட்டு. அங்கே வைத்த பூச்சு காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, கண்ணுக்குத் தெரியாத வழியில் ஊர்ந்து, எங்கேயோ போய்ச் சொட்டும். என் வண்டியில் அது முன்கண்ணாடித் தூண் வழியாக இறங்கி, டாஷ்போர்டின் முதுகுப்புறம் சொட்டிக்கொண்டிருந்தது.

'டாஷ்போர்டு' என்ற பெயரே விசித்திரமானது. குதிரையின் குளம்படியிலிருந்து வாரி இறைக்கும் சேறு வண்டிக்காரன்மேல் படாமல் தடுக்க, கோச்சு வண்டியின் முன்னால் நிறுத்திய பலகைக்கு அந்தப் பெயர். குதிரை போய்விட்டது, பலகை மட்டும் தங்கிவிட்டது. சும்மா நிற்கிறதே என்று அதில் மீட்டர்களை மாட்ட ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவற்றில் வேகமானியும் ஒன்று. 1902-ல் ஜெர்மனியில் ஆட்டோ ஷுல்ட்ஸே என்பவர், சுழலும் காந்தம் பக்கத்திலுள்ள ஓர் உலோகக் கிண்ணத்தை இழுக்கும் தத்துவத்தை வைத்து அதைச் செய்தார். மறு வருஷமே இங்கிலாந்தில் மணிக்கு 20 மைல் என்று சட்டம் பிறந்தது. பெட்ரோல் அளவு தெரிந்துகொள்ளும் விஷயத்தில் அவ்வளவு அவசரம் காட்டவில்லை. 1908-ல் வந்த போர்டின் 'மாடல் டி' காரில் பெட்ரோல் மீட்டர் கிடையாது. ஆசனத்துக்கு அடியில் டாங்கி. ஆசனத்தைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். குச்சி பொய் சொல்லாது.

என் வண்டியின் மீட்டர் வேறு ஜாதி. இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒட்டிய பட்டை ஒன்று, மின்சாரச் சூட்டில் வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. டாங்கியில் பெட்ரோல் அலைமோதினாலும் முள் நிதானமாக எழுந்திருக்கும். ஆனால் என்ஜினின் ஓட்டத்துக்குத் தக்கபடி மின்சாரம் ஏறி இறங்குமே? அதற்காக மீட்டர்களுக்குப் பின்னால் தீப்பெட்டியளவு ஒரு சிறு பெட்டி. அது மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரி 10 வோல்ட்டாக நிறுத்துகிறது. அந்தப் பெட்டிக்கு எர்த் சரியாக இருக்கவேண்டும். எர்த் போனால் அது தடுப்பதை விட்டுவிடும். பாட்டரியின் முழு மின்சாரமும் பாயும். அப்போது பெட்ரோல் முள்ளும் ஏறும், சூட்டு முள்ளும் ஏறும். சொட்டிய மழைநீரில் துருப்பிடித்திருந்தது அந்த எர்த் திருகாணிதான்.

"பேசாமல் எண் காட்டுகிற புது மீட்டர் போட்டுவிடலாமா?" என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டேன்.

"போடலாம். ஆனால் எர்த் போனால் எது ஸார் ஒழுங்காயிருக்கும்?" என்றார்.

பழைய முகப்புகளையே வைத்துக்கொண்டேன். பெட்டியை மட்டும் மாற்றி, நகரும் பாகமே இல்லாத நவீன மின்னணுச் சில்லு வைத்த ஒன்றைப் போட்டு, அதிலிருந்து தனி எர்த் ஒயர் இழுத்தோம். இன்னொரு மீட்டரும் புதிதாகச் சேர்த்தேன். என் வண்டியில் ஆயில் அழுத்தத்துக்கு ஒரு சிவப்பு விளக்குதான் உண்டு. 1930-களில் ஹட்ஸன் காரர்கள் கொண்டுவந்த வழக்கம் இது. விளக்கு எரியும்போது அழுத்தம் ஏற்கெனவே விழுந்திருக்கும். அமெரிக்கர்கள் அதற்கு 'மூடர் விளக்கு' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே மெல்லிய குழாய் வழியாக ஆயிலையே அழைத்துவந்து காட்டும் மீட்டர் ஒன்றை அடியில் பொருத்தினேன். உள்ளே இருப்பது 1849-ல் பிரான்ஸில் போர்டான் கண்டுபிடித்த வளைந்த குழாய். அதற்கு மின்சாரமும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம்.

கூரையைச் சரிசெய்ய டிங்கர் கையாண்ட முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. உள்பக்கத் துணியை இறக்கிவிட்டு, மூட்டு நெடுகச் சாக்பீஸ் பொடியைத் தூவினார். பையன் வெளியே குழாயால் தண்ணீர் அடித்தான். டிங்கர் டார்ச்சும் கையுமாக உள்ளே உட்கார்ந்தார். பொடியில் தண்ணீர் கோடு கிழித்துக்கொண்டு வந்த இடந்தான் ஓட்டை. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, துருவைத் தேய்த்து, புதுப் பூச்சு வைத்தார். இறுகிப்போன கண்ணாடி ரப்பரையும் மாற்றினார்.

குச்சி விட்டுப் பார்க்கும் ஆசையும் எனக்கு இருந்தது. என் டாங்கியின் குழாய் வளைந்து போவதால் குச்சி நுழையவில்லை. கார்த்திகை மழை பிடித்தபோது வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காவல் காத்தேன். டாஷ்போர்டில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த மனைவிதான் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். டிங்கர் ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸ் பொடியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.