வெட்டவா, வேண்டாமா? ஜாவா துணியும் கத்திரிக்கோலும்

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்டிலிருந்து ஆரம்பிக்குது.

சென்னையில் இருக்கும் ஒரு நேயர் அனுப்பினது. வேலை விஷயமா ரெண்டு தடவை இந்தோனேசியா போயிட்டு வந்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் பெட்டியில் பாதி இடம் பாட்டிக் துணிக்குத்தான். இப்போ ஆறு துணி அலமாரியில் இருக்கு. எல்லாமே அடர்த்தியான நிறம், பெரும்பாலும் பெரிய பெரிய டிசைன். நெருங்கின தோழிக்கு தை மாசம் கல்யாணம். இந்தத் துணிகளை வெட்டி ஒரு குவில்ட், அதாவது ஒட்டுப்போர்வை, தைச்சுக் கொடுக்கணும்னு ஆசை. ஆனா எந்த பேட்டர்ன் எடுக்கிறதுன்னு தெரியலை. மூணு தடவை கத்திரிக்கோலை எடுத்திருக்காங்க, மூணு தடவையும் துணியை மடிச்சு உள்ளேயே வெச்சுட்டாங்க.

இது வரலாற்று நிகழ்ச்சியாச்சே, தையல் வகுப்பு இல்லையேன்னுதான் முதல்ல நினைச்சேன். கொஞ்சம் படிச்சுப் பார்த்த பிறகுதான் புரிஞ்சுது. தூர தேசத்திலிருந்து வந்த, விலை அதிகமான, பெரிய பூப்போட்ட துணியை எப்படி வெட்டுறது? இந்தக் கேள்விக்கு முந்நூறு வருஷ வயசு. அதுக்குப் பதில் சொன்னவங்களும் இருக்காங்க.

இது மீட்டர் துணி இல்லை

முதல்ல கையில் இருக்கிறது என்னன்னு பார்ப்போம். நாம கடையில் வெட்டி வாங்குற துணிக்கு ஆரம்பம், முடிவு கிடையாது. ரெண்டு மீட்டர் கேட்டா ரெண்டு மீட்டர். ஜாவாவின் மரபான பாட்டிக் அப்படிப்பட்டதில்லை. ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான அகலமும் கொண்ட ஒரு முழு உடுப்பு அது. நம்ம சேலை மாதிரி. இடுப்பில் சுற்றிக் கட்டினால் எந்தப் பகுதி முன்னால் வரும், எது உள்ளே போகும் என்று யோசித்துத்தான் வரைந்திருப்பார்கள். சாரோங் என்றால் அதற்குத் 'தலை', 'உடல்' என்று இரண்டு பகுதிகள் உண்டு. நாம முந்தானை, உடல்னு சொல்ற மாதிரியேதான்.

'சாந்திங்' என்பது சின்னச் செம்புக் கிண்ணமும் மெல்லிய குழாய் மூக்கும் உள்ள ஒரு பேனா. அதில் உருக்கிய மெழுகை ஊற்றிக் கோடு கோடாக வரைவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஒவ்வொரு நிறத்துக்கும் மெழுகு, சாயம், மெழுகு நீக்கம் என்று திரும்பத் திரும்ப நடக்கும். முழுக்கக் கையால் வரைந்த நுணுக்கமான துணிக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் 'சாப்' என்ற செம்பு அச்சு வந்தபோதுதான் வேலை வேகமானது. 2009-இல் இந்தோனேசிய பாட்டிக்கை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

அப்போ அந்த நேயரோட கை நடுங்குறதில் நியாயம் இருக்கு. ஒருத்தர் மாசக்கணக்கா உட்கார்ந்து போட்ட கோட்டை நாம ரெண்டு நிமிஷத்துல வெட்டப் போறோம். வெட்டின பிறகு அதை யாராலும் திருப்ப முடியாது.

அளவுதான் அந்தஸ்து

அடுத்த விஷயம், டிசைனோட அளவு. குவில்ட் தைக்கிறவங்க கவனிக்க வேண்டிய இடம் இது.

மத்திய ஜாவாவின் யோக்யகர்த்தா, சூரகர்த்தா அரண்மனைகளில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில டிசைன்களைப் பொதுமக்கள் உடுத்தக் கூடாது என்று ஆணை வந்தது. அதில் முக்கியமானது 'பராங்'. சாய்வான வரிசைகளில், அலை அடித்துக்கொண்டே இருப்பது போல ஓடும் டிசைன் அது. பராங்கில் மிகப் பெரியதான 'பராங் பாரோங்' அரசருக்கு மட்டும் உரியது. அதன் ஒரு வரிசையே பத்து சென்டிமீட்டருக்கு மேல் அகலம் இருக்கும். டிசைன் சின்னதாக ஆக ஆக, அதை உடுத்தக்கூடியவர்களின் படிநிலையும் இறங்கும். ஒரே கோடுதான், ஒரே நிறம்தான். அளவு மட்டும்தான் வேறு.

அமெரிக்க ஒட்டுப்போர்வைகளோட கதை நேர் எதிர். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் பரவின பல பேட்டர்ன்கள் சின்னத் துண்டுகளுக்காகவே உருவானவை. ஒன்பது சதுரங்களைச் சேர்த்துத் தைக்கும் 'நைன் பேட்ச்', ஒல்லி ஒல்லியான பட்டைகளை நடுச் சதுரத்தைச் சுற்றி அடுக்கும் 'லாக் கேபின்' எல்லாம் மிச்சத் துணிக்கு ஏத்த பேட்டர்ன். துணியில் பொடிப் பூ இருந்தா எந்த இடத்துல வெட்டினாலும் பூ இருக்கும். துண்டு சின்னதா இருந்தாலும் அது என்ன துணின்னு தெரியும்.

பன்னிரண்டு சென்டிமீட்டர் பராங்கை எடுத்து ஐந்து சென்டிமீட்டர் சதுரமா வெட்டுங்க. என்ன கிடைக்கும்? ஒரு துண்டுல பழுப்பு, இன்னொண்ணுல வெள்ளை, மூணாவதுல ஒரு வளைவோட நுனி. அலை போயிடும். எல்லாத்தையும் சேர்த்துத் தைச்சா எந்தத் துணியும் அடையாளம் தெரியாத ஒரு இரைச்சல்தான் மிஞ்சும். பெரிய டிசைன் துணி வாங்கினவங்க பலபேர் குவில்ட் முடிஞ்ச பிறகு 'எங்கேயோ தப்பாயிடுச்சே'னு வருத்தப்படுறது இதனாலதான். துணியிலயும் தப்பில்லை, தையல்லயும் தப்பில்லை. துண்டோட அளவுதான் தப்பு.

இதே கவலை, முந்நூறு வருஷம் முன்னால்

இப்போ ஜாவாவை விட்டு கொஞ்ச நேரம் இங்கிலாந்துக்குப் போகலாம். வழியில நம்ம கடற்கரையைத் தொட்டுட்டுப் போகணும்.

17-ஆம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம், பழவேற்காடு போன்ற சோழமண்டலக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கையால் வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணிகள் இரண்டு திசைகளில் போயின. கிழக்கே, டச்சுக்காரர்கள் அவற்றைக் கொண்டுபோய் இந்தோனேசியத் தீவுகளில் வாசனைப் பொருட்களுக்கு மாற்றினார்கள். மேற்கே, 'சின்ட்ஸ்' என்ற பெயரில் ஐரோப்பாவையே மயக்கின. பெரிய பூ, வளைந்த கொடி, துவைத்தாலும் போகாத சிவப்பு.

அங்கிருந்த நெசவாளர்களும் கம்பளித் தொழில்காரர்களும் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. இங்கிலாந்து 1701-இல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1721-இல் வந்த சட்டம், உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் சேர்த்தே தடுத்தது. அது நீங்க 1774 வரை ஆனது. ஒரு பூத்துணிக்காக அரை நூற்றாண்டு தடை!

கிடைக்காத பொருள்னா ஒரு துண்டைக்கூட யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. இங்கிலாந்தின் மிகப் பழைய ஒட்டுப்போர்வைகளில் ஒன்று லெவன்ஸ் ஹால் மாளிகையில் இருக்கிறது. 1708 வாக்கில் தைத்ததாகச் சொல்லப்படும் அது, இந்திய சின்ட்ஸ் துண்டுகளால் ஆனது.

அதன் பிறகு இன்னொரு வழி பரவியது. பூவைச் சதுரமாக வெட்டாமல், பூவின் ஓரத்தை ஒட்டியே வெட்டி எடுத்து, வெறும் வெள்ளைத் துணியின் மேல் வைத்துத் தைப்பது. ஒரு துணியில் இருந்த பத்துப் பூக்கள் ஒரு பெரிய போர்வை முழுக்கப் பரவிவிடும். பின்னாளில் இதற்கு 'பிரோதரி பெர்ஸ்' என்று பெயர் வந்தது. பாரசீகப் பூத்தையல்னு அர்த்தம். துணி பாரசீகத்துதும் இல்லை, வேலை பூத்தையலும் இல்லை! பெயர் எப்படியோ போகட்டும், யோசனை அபாரம். எங்கே வெட்டணும்னு அளவுகோல் சொல்லலை, பூ சொல்லுச்சு.

ஜாவாவே சொன்ன பதில்

சரி, துணி செய்தவங்க ஊர்ல ஒட்டுத்தையல் உண்டா? உண்டு. அதுவும் புனிதமான இடத்துல.

யோக்யகர்த்தா அரண்மனையின் புனிதப் பொருட்களில் 'அந்தகுசுமா' என்ற மேலாடை ஒன்று உண்டு. பல துணித் துண்டுகளை ஒட்டித் தைத்தது. ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பிய ஒன்பது ஞானிகளில் ஒருவரான சுனன் காலிஜாகாவோடு அதை இணைத்துச் சொல்வார்கள்.

இதோடு தொடர்புள்ள ஒரு பாட்டிக் டிசைனுக்கு 'தம்பால்' என்று பெயர். ஒட்டு என்றுதான் பொருள். ஒரே துணியைச் சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு டிசைனை மெழுகால் வரைவார்கள். பார்த்தால் ஒட்டுத்துணி போலவே இருக்கும், ஆனால் ஒரு தையல்கூட இருக்காது. கிழிந்ததை ஒட்டுப்போட்டுச் சரிசெய்கிற மாதிரி உடம்பையும் சரிசெய்யும் என்ற நம்பிக்கையில் நோயாளிகளுக்கு இதைப் போர்த்துவது வழக்கம்.

இன்னொன்று 'பாகி-சோரே', அதாவது காலை-மாலை. துணியின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டிசைன், அந்தப் பக்கம் இன்னொன்று. திருப்பிக் கட்டினால் வேறு துணி கட்டிய மாதிரி இருக்கும். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பருத்திக்குக் கடும் தட்டுப்பாடு. அப்போது இந்த முறையில் மிக அடர்த்தியான வேலைப்பாடுள்ள துணிகள் நிறைய வந்தன.

இந்த ரெண்டிலயும் ஒரு ஒற்றுமையைக் கவனிங்க. வேறு வேறு டிசைன்களை அவங்க தயங்காமப் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. ஆனா ஒவ்வொண்ணுக்கும் முகம் தெரியிற அளவுக்கு இடம் விட்டாங்க.

அப்போ அந்த ஆறு துணி?

நேயர் போட்டோ அனுப்பியிருந்தாங்க. ஒவ்வொண்ணா பார்ப்போம். அதுக்கு முன்னால ரெண்டு வேலை. ஒண்ணு, வெந்நீர்ல அலசுங்க. மிச்ச மெழுகு இருந்தா போகும், சுருங்குறதும் இப்பவே சுருங்கிடும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா, கூட ஒரு வெள்ளைத் துணித்துண்டோட போட்டா சாயம் போகுதான்னு தெரிஞ்சிடும். ரெண்டு, டேப் எடுத்து, டிசைன் எத்தனை சென்டிமீட்டருக்கு ஒரு தடவை திரும்ப வருதுன்னு அளந்து எழுதுங்க. அந்த எண்ணைவிடச் சின்னதா எந்தத் துண்டும் வேண்டாம்.

சிரெபோன் ஊரின் மேகத் துணி, நீலத்தில் அடுக்கடுக்கா மேகம் போட்டது. அதை ஒரே பெரிய துண்டா நடுவில் வையுங்க. பெகலோங்கான் பூங்கொத்துத் துணிக்கு அந்தப் பழைய சின்ட்ஸ் வழி. பூவை ஓரத்தோட வெட்டி எடுத்து, வெற்று நிறத்துணி மேல வெச்சுத் தைக்கலாம். 'காவுங்', வரிசையா முட்டை வடிவங்கள். ஒரு வகைப் பனங்காயைக் குறுக்கே வெட்டின தோற்றம்னு சொல்வாங்க, நமக்கு நுங்கு ஞாபகம் வரும். அது ஒழுங்கா, சின்னதா திரும்ப வர்ற டிசைன், அதனால சதுரமா வெட்டினாலும் தாங்கும்.

சாரோங்கின் 'தலை'யில் இருக்கும் கூர்முக்கோண வரிசைக்குத் 'தும்பால்'னு பெயர். நம்ம கடற்கரையிலிருந்து அந்தத் தீவுகளுக்குப் போன பழைய துணிகளிலும் இதே வரிசை உண்டு. கோபுரக் கரைச் சேலை பார்த்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அது ஏற்கெனவே கரைதான், போர்வைக்கும் கரையாவே இருக்கட்டும். இன்னொரு வசதி, கையால் வரைஞ்ச நல்ல பாட்டிக்குக்கு உள்புறம், வெளிப்புறம் வித்தியாசம் தெரியாது. திருப்பி வெச்சா கண்ணாடிப் பிம்பம் மாதிரி ஒரு ஜோடி கிடைக்கும்.

அஞ்சாவது துணிதான் பராங். இங்கே ஒரு சிக்கல். மத்திய ஜாவாவில் கல்யாணத்துக்குப் பராங் கட்டுவதைத் தவிர்ப்பார்கள். அது சண்டைக்கும் பூசலுக்கும் உரிய டிசைன் என்பது நம்பிக்கை. சென்னைத் தோழிக்கு இது தெரியப்போறதில்லைதான். நமக்கு அந்த நம்பிக்கை இருக்கணும்னும் இல்லை. ஆனா தெரிஞ்ச பிறகு தெரியாத மாதிரி வெட்ட எனக்கு மனசு வராது. அதை வெட்டாம, முழுசா, நீங்களே வெச்சுக்கோங்க. சேர்த்த துணி எல்லாத்தையும் வெட்டியே ஆகணும்னு யாரும் சொல்லலை.

ஆறாவது, கருநீலத் தரையில் பொடிப் பொடி நட்சத்திரம். 'த்ருந்தும்'. கணவரோட அன்பு குறைஞ்சுபோச்சேன்னு ஏங்கின ஒரு சூரகர்த்தா அரசி வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து வரைஞ்சதா கதை. வரைய வரைய அந்த அன்பு திரும்பி வந்துச்சாம். ஜாவா கல்யாணத்தில் இதை உடுத்துறது மணமக்கள் இல்லை, அவங்களைப் பெத்தவங்க.

பொடி டிசைன், அதனால எவ்வளவு ஒல்லியா வெட்டினாலும் நட்சத்திரம் மிஞ்சும். பெரிய துண்டுகளுக்கு நடுவே ஓடுற பட்டையா இதைத் தைங்க. மேகம், பூங்கொத்து, நுங்கு எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கிற வேலை இதுக்கு. கல்யாணத்துல பெத்தவங்களுக்கு இருக்கிற அதே வேலைதான்.

தை மாசத்துக்கு இன்னும் நாள் இருக்கு. தைச்சு முடிச்சதும் போட்டோ அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.