இருபது டாலர் பாக்கி

ஸ்டாம்ப், பழைய காசு வாங்கி விக்கிற தொழில்ல பொருளை விட அதோட பூர்வீகம்தான் முக்கியம். யார்கிட்டேர்ந்து வந்தது, கையில காகிதம் இருக்கா? எனக்குத் தெரிஞ்சு இதுக்கு ஸ்டீபன் ஃபென்டன் கதையை விட நல்ல உதாரணம் கிடையாது.

ஃபென்டன் லண்டன் நாணய வியாபாரி. 1996 பிப்ரவரியில், நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலுக்கு ஒரே ஒரு தங்கக் காசை விக்கப் போனார். வாங்க வந்தவங்க சீக்ரெட் சர்வீஸ் ஆளுங்க. கையோட கைது!

அது 1933ம் வருஷத்து டபுள் ஈகிள். முகமதிப்பு 20 டாலர். எடை நாலு பவுனுக்குக் கொஞ்சம் கூட. அதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

1933 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட், ஜனங்க கையில இருந்த தங்கக் காசுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். பிலடெல்பியா நாணயசாலை அந்த வருஷத் தேதி போட்டு 4,45,500 டபுள் ஈகிள் அடிச்சது. புழக்கத்துக்கு ஒண்ணுகூட வரலை. ரெண்டு ஸ்மித்சோனியனுக்குப் போச்சு. மிச்சமெல்லாம் 1937க்குள்ள உருக்கியாச்சு.

அதாவது, கணக்குப்படி :-) அதே ஊர் நகை வியாபாரி இஸ்ரேல் ஸ்விட் வழியா சிலது வெளியே கசிஞ்சிருந்தது. 1944ல் விசாரணை வந்தப்போ ஒன்பது வித்ததா ஒத்துக்கிட்டார். காலக்கெடு தாண்டிட்டதால வழக்கு போட முடியலை. காசுகளை மட்டும் தேடிப் பிடிச்சு உருக்கினாங்க.

அந்த விசாரணைக்குச் சில வாரம் முன்னாடிதான் எகிப்து மன்னர் ஃபாரூக் ஒரு காசு வாங்கி, அமெரிக்கக் கருவூலத்துகிட்டயே ஏற்றுமதி அனுமதியும் வாங்கிட்டார். 1952ல் அவர் பதவி போச்சு. 1954ல் அவரோட சேகரிப்பு கெய்ரோவில் ஏலத்துக்கு வந்தது. அமெரிக்கா கேட்டுக்கிட்டதால இந்தக் காசை மட்டும் விலக்கினாங்க. அப்புறம் அது எங்கே போச்சுன்னே தெரியலை.

"என் காசு ஃபாரூக்கோடது"ங்கிறதுதான் ஃபென்டன் தரப்பு வாதம். அந்த அனுமதிச் சீட்டுதான் அவரைக் காப்பாத்தியது. 2001ல் சமரசம்: ஏலம் விட்டு ஆளுக்குப் பாதி. அதுவரை உலக வர்த்தக மையப் பெட்டகத்துல இருந்த காசை அந்த ஜூலையில ஃபோர்ட் நாக்ஸுக்கு மாத்தினாங்க. செப்டம்பர்ல நடந்தது நமக்குத் தெரியும்.

2002 ஜூலை 30, ஏலத்துல சுமார் 75.9 லட்சம் டாலர். அதுக்கு மேலே தனியா 20 டாலர்! வெளியிடாத காசு இல்லையா? அதைச் சட்டப்படி பணமாக்க முகமதிப்பைக் கட்டணுமாம். 2021ல் அதே காசு சுமார் 1.89 கோடி டாலருக்குப் போச்சு.

இதுக்கு நடுவுல, ஸ்விட் குடும்பத்தோட வங்கிப் பெட்டகத்துல இன்னும் பத்து காசு கிடைச்சது. சரிபார்க்கக் கொடுத்தாங்க, அரசாங்கம் திருப்பித் தரலை. 2011ல் ஜூரியும் 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசாங்கம் பக்கம்தான்.

சட்டப்படி சரியா இருக்கலாம். எனக்கென்னவோ உறுத்துது. பதினொண்ணும் ஒரே அச்சு, ஒரே தங்கம், ஒரே கொல்லைப்புற வழி. ஒண்ணு மட்டும் கோடீஸ்வரக் காசு, அதுவும் அரசாங்கம் அசந்த நேரத்துல கொடுத்த ஒரு சீட்டால.

பழைய காசு சேர்க்கிற நண்பர்களே, காசை எங்கே வேணா வைங்க. பில்லைப் பத்திரமா வைங்க.